வழித்துணை: புனித நாட்டில் மூன்று சமயத்தார்

முன்னுரை

வழியைப் பாடிய மொழி தமிழ். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படையாக அமைந்திருப்பதே இதற்குச் சான்றாகும். ஆயினும் ஆற்றுப்படையில் வழி கூறுவோன் கூறுவதோடு நின்றுவிடுகின்றான், உடன் வருவதில்லை. உடன் வருவோரைக் காண வேண்டுமாயின் சிலப்பதிகாரத்தை நாட வேண்டும். புகார் நீங்கிய கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவியார் மதுரை வரை வழித்துணையாக வருகின்றார். வழி கூறுதல் அறிவின் பணி. வழித்துணையாதல் அன்பின் பணி.

சமயங்களின் வரலாற்றிலும் வழி கூறியோர் பலர். மாற்றுச் சமயத்தாரோடு உடன் நடந்தோர் சிலரே. அச்சிலருள் மூவர் 2014 மே 24 முதல் 26 வரை யோர்தான், பாலஸ்தீனம், இஸ்ரேல் ஆகிய நிலப்பகுதிகளில் ஒருங்கே பயணம் செய்தனர். ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராகிய போப் பிரான்சிஸ். மற்றொருவர் யூத சமய குருவாகிய ரபி ஆபிரகாம் ஸ்கோர்க்கா. மூன்றாமவர் ஓமர் அப்பூத் என்னும் இஸ்லாமியச் சமுதாயத் தலைவர். போப் ஒருவர் தம் அதிகாரபூர்வக் குழுவிலேயே பிற சமயத்தாரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு வெளிநாட்டுப் பயணம் மேற்கொண்டது அதுவே முதன்முறை.

பயணம் முடிந்த ஆறு வாரங்களில் அதே மண்ணில் போர் மூண்டது. எனவே, அம்மூவரும் சேர்ந்து நடந்ததால் விளைந்த பயன் யாது என்னும் வினா தவிர்க்கவியலாதது. அவ்வினாவுக்கு வரலாற்றின் துணைகொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு தந்தை, ஒரு மண்

யூதம், கிறித்தவம், இஸ்லாம் என்னும் மூன்று சமயங்களும் ஆபிரகாமைத் தம் நம்பிக்கையின் தந்தையாகப் போற்றுகின்றன. இஸ்லாமியர் அவரை இப்ராகீம் நபி என்பர். அவர் ஒரு வழிப்போக்கர். பிறந்த ஊரையும் சுற்றத்தையும் விட்டு, காணாத நாட்டை நோக்கிப் புறப்பட்டவர். கூடாரத்தில் வாழ்ந்து, அயலாராகவே முதுமை எய்தியவர். வழிப்போக்கர் ஒருவரின் மரபினர் என உரிமை கொண்டாடுவோர், அவர் நடந்த மண்ணின் பொருட்டே போரிட நேர்ந்தது வரலாற்றின் முரண் எனலாம்.

விவிலியத்தின் தொடக்க நூல் ஆபிரகாமின் அடக்கத்தைச் சுருக்கமாகக் கூறுகின்றது. ஈசாக்கு, இஸ்மயேல் என்னும் இரு மைந்தரும் சேர்ந்து தந்தையை மக்பேலா குகையில் அடக்கம் செய்தனர் என்பது அச்செய்தி. பிரிக்கப்பட்டு வேறு வேறு திசையில் வளர்ந்த அவ்விருவரும் தந்தையின் கல்லறையருகே ஒன்றாக நின்றனர். யூதர் தம்மை ஈசாக்கின் வழியினர் என்பர். அரபியர் இஸ்மயேலின் வழியினர் என்பர்.

அக்குகை இருப்பதாகக் கருதப்படும் எப்ரோன் நகரின் அண்மைக் கால வரலாறோ வேறு. 1929-இல் அந்நகரில் நிகழ்ந்த கலவரத்தில் யூதர் 67 பேர் கொல்லப்பட்டனர். 1994 பிப்ரவரி 25 அன்று, குகையின்மேல் எழுந்த பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த இஸ்லாமியர் 29 பேரை யூதக் குடியேறி ஒருவன் சுட்டுக் கொன்றான். அதன்பின் அக்கட்டடம் ஒருபுறம் பள்ளிவாசலாகவும் மறுபுறம் யூதத் தொழுகைக்கூடமாகவும் பிரிக்கப்பட்டது. மைந்தர் இருவர் சேர்ந்து நின்ற கல்லறைக்கு இன்று வாயில்கள் வேறு வேறு.

எருசலேமின் நிலையும் இத்தகையதே. மதிலால் சூழப்பட்ட பழைய நகரின் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் மட்டுமே. கி.பி. 70-இல் உரோமையரால் அழிக்கப்பட்ட யூதர் ஆலயத்தின் தாங்குசுவராகிய மேற்குச் சுவரும், 335-இல் திருநிலைப்படுத்தப்பெற்ற திருக்கல்லறைக் கோவிலும், ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பாறைக் குவிமாடமும் அச்சிறு பரப்பினுள் அடங்கிவிடுகின்றன. ஒரு சமயத்தாரின் செபம் மற்றொரு சமயத்தாரின் செவியில் விழாமல் அங்கே ஒரு நாளும் கழிவதில்லை.

இந்நெருக்கம் பகையை மட்டும் வளர்க்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. திருக்கல்லறைக் கோவிலின் திறவுகோலைப் பன்னெடுங்காலமாக ஓர் இஸ்லாமியக் குடும்பம் காத்துவருகின்றது. கதவைத் திறந்து மூடும் உரிமை மற்றோர் இஸ்லாமியக் குடும்பத்தினுடையது. கோவிலைப் பங்கிட்டுக்கொண்டுள்ள கிறித்தவப் பிரிவினர் தம்முள் பூசலிட்டாலும், கதவு நாள்தோறும் திறக்கின்றது. மாற்றுச் சமயத்தான் கையில் தம் திறவுகோலை விட்டுவைக்கும் இத்தகைய நம்பிக்கையும் அம்மண்ணுக்குரியதே.

முன் சென்ற அடிகள்

2014-ஆம் ஆண்டுப் பயணத்தின் சிறப்பை அறிய, அதற்கு முன் சென்ற அடிகளை நோக்குதல் வேண்டும்.

1219-இல் ஐந்தாம் சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், அசிசி நகர் பிரான்சிஸ் என்னும் துறவி எகிப்தின் தமியாத்தா நகரருகே போர்முனையைக் கடந்து சென்று சுல்தான் அல்காமிலைச் சந்தித்தார். சுல்தான் அவருக்குச் செவிசாய்த்து, தீங்கின்றித் திருப்பி அனுப்பினார். இருவரும் தத்தம் சமயத்திலேயே நின்றனர், போரும் நிற்கவில்லை. எனினும் அச்சந்திப்பு எட்டு நூற்றாண்டுகளாக மறக்கப்படவில்லை. அத்துறவியின் பெயரையே பெர்கோலியோ போப்பாகத் தேர்வுபெற்ற நாளில் தமக்குச் சூடிக்கொண்டார்.

1904 சனவரியில், யூதர்க்கு ஒரு தாயகம் வேண்டும் என்று இயக்கம் கண்ட தியோடர் ஹெர்ஸல், போப் பத்தாம் பயஸைக் கண்டு ஆதரவு வேண்டினார். போப் இசையவில்லை. யூதர் இயேசுவை ஏற்காதவரையில் திருச்சபை அவர்களின் முயற்சிக்குத் துணைநிற்க இயலாது என்பது அவர் நிலை.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. 1964 சனவரி 4 முதல் 6 வரை போப் ஆறாம் பவுல் புனித நாட்டுக்குப் பயணம் செய்தார். எருசலேம் அன்று யோர்தானுக்கும் இஸ்ரேலுக்குமாகப் பிளவுண்டு கிடந்தது. ஒலிவ மலையில் அவர் கிழக்குத் திருச்சபையின் முதுபெருந்தலைவர் அத்தனாகோரஸைத் தழுவினார். 1054-இல் பிரிந்த இரு திருச்சபைகளின் தலைவர்கள் கண்ட சந்திப்பு அது. அடுத்த ஆண்டே, 1965 டிசம்பர் 7 அன்று, இருதரப்பாரும் பழைய சாபங்களை நீக்கிக்கொண்டனர். ஆனால், இஸ்ரேல் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் ஏறத்தாழ 11 மணி நேரம் இருந்த போப், அந்நாட்டின் பெயரை ஒருமுறையும் உச்சரிக்கவில்லை. கிறித்தவரோடு கிறித்தவர் தழுவிக்கொண்ட அந்நாளில், யூதரின் நாட்டுக்குப் பெயர் சொல்லவும் நா எழவில்லை. 1965 அக்டோபர் 28 அன்று வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைக் குறித்த அறிக்கையை வெளியிட்ட பின்னரே நிலைமை மாறலாயிற்று. வத்திக்கானும் இஸ்ரேலும் உடன்படிக்கை கண்டது 1993 டிசம்பர் 30 அன்று.

2000 மார்ச்சில் போப் இரண்டாம் யோவான் பவுல் சென்றார். பெத்லகேமின் மாட்டுத்தொழுவச் சதுக்கத்தில் அவர் திருப்பலியாற்றியபோது, அருளுரை முடிந்த வேளையில் அண்டைப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலித்தது. பாங்கு முடியும்வரை திருப்பலி காத்திருந்தது. இதனினும் அழகிய உரையாடலைச் சொற்களால் நிகழ்த்த இயலுமா என்பது ஐயமே.

சொற்களால் நிகழ்த்த முயன்றபோது நேர்ந்ததும் அதே பயணத்தில்தான். மறுநாள், மார்ச் 23 அன்று, எருசலேமின் நோத்ர்தாம் மையத்தில் மும்மதத் தலைவர்கள் ஒரு மேடையில் அமர்ந்தனர். இஸ்ரேலின் தலைமை ரபி, எருசலேம் பிளவுபடாத தலைநகரம் என்பதைப் போப் ஏற்றுக்கொண்டார் என்னும் பொருள்பட நன்றி கூறினார். அவையில் மறுப்புக் குரல் எழுந்தது. அடுத்துப் பேசிய பாலஸ்தீனத்தின் இஸ்லாமிய நீதித்துறைத் தலைவர் ஷேக் தய்சீர் தமீமி, தம் மக்களின் துயரை வெம்மையாக எடுத்துரைத்தார். கூட்டம் முடியுமுன்னரே வெளியேறினார். 2009 மே 11 அன்று போப் பதினாறாம் பெனடிக்ட் முன்னிலையில் அதே மையத்தில் நடந்த கூட்டத்திலும், நிகழ்ச்சிநிரலில் இல்லாமலே அவர் எழுந்து பேசினார். கூட்டம் குறித்த நேரத்துக்கு முன்பே முடிவுற்றது.

இதில் எவரையும் குறைகூறுதல் எளிது, ஆனால் முறையன்று. ஷேக்கின் சொற்களில் இருந்த துயரம் மெய்யானது. எருசலேம்மீது ரபி கொண்ட பற்றும் மெய்யானது. குறை மேடையின் அமைப்பில் இருந்தது. மேடையில் அமர்பவர் தம் மக்கள் அனைவரின் சார்பாளர் ஆகிவிடுகின்றார். பின்னால் நிற்கும் மக்களின் கண்கள் முதுகைத் துளைக்க, எதிரில் அமர்ந்திருப்பவரின் முகத்தைக் காண அவருக்கு ஓய்வு கிடைப்பதில்லை.

புவெனஸ் அயர்ஸில் வளர்ந்த நட்பு

2014-இன் பயணம் உரோமையில் தொடங்கவில்லை. அதன் வேர் அர்ஜென்டினாவின் தலைநகராகிய புவெனஸ் அயர்ஸில் இருந்தது. இலத்தீன் அமெரிக்காவில் யூதர் மிகுதியாக வாழும் நாடு அர்ஜென்டினா. சிரியாவிலிருந்தும் லெபனானிலிருந்தும் குடியேறிய அரபியரின் வழியினரும் அங்குப் பலர். மத்தியக் கிழக்கின் பகை அந்நகரையும் தீண்டாமல் விடவில்லை. 1992 மார்ச் 17 அன்று இஸ்ரேல் தூதரகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. 1994 சூலை 18 அன்று யூதச் சமுதாய மையம் தகர்க்கப்பட்டு 85 பேர் மாண்டனர். அத்தகைய நகரில் யூதரும் இஸ்லாமியரும் நண்பராய் இருத்தல் இயல்பாக வாய்ப்பதன்று. முயன்று காக்கவேண்டிய ஒன்று.

1998-இல் அந்நகரின் பேராயராகப் பொறுப்பேற்றவர் ஹோர்ஹே மாரியோ பெர்கோலியோ. ஸ்கோர்க்கா வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இலத்தீன் அமெரிக்க ரபிகள் பயிலும் கல்லூரியின் தலைவராக விளங்கியவர். இருவர் நட்பும் தொடங்கிய இடம் பேராலயம். தொடங்கிய பொருளோ கால்பந்து. ஆண்டுதோறும் மே 25 அன்று அர்ஜென்டினாவின் தேசிய நாளில் நடைபெறும் நன்றி வழிபாட்டுக்குப் பிற சமயத் தலைவர்களும் வருவது வழக்கம். அவ்வாறு வந்த ரபியின் விருப்ப அணி ரிவர் பிளேட். பேராயரின் விருப்ப அணி சான் லொரென்சோ. ரிவர் பிளேட் அணியினரைக் கோழிகள் என்று ஏளனம் செய்வது அந்நகர வழக்கு. இவ்வாண்டு கோழிச் சாறு அருந்தப்போகின்றோம் என்று முறைமைகளுக்கிடையே பேராயர் மெல்லச் சொல்ல, ரபி சிரித்தார். பேராயர் தமக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்பதை அந்நகைச்சுவையால் உணர்ந்ததாக ஸ்கோர்க்கா பின்னர்ப் பலமுறை கூறியுள்ளார்.

அதன்பின் ரபியின் தொழுகைக்கூடத்தில் பேராயர் பேசினார். 2010-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு ரபியையே முன்னுரை எழுதச் செய்தார். அதே ஆண்டில், விண்ணையும் மண்ணையும் குறித்து இருவரும் நிகழ்த்திய உரையாடல்கள் நூலாயின. இறைவன், இறப்பு, முதுமை, அரசியல், யூதர் பேரழிவு எனப் பல பொருள்களை அந்நூல் பேசுகின்றது. புரொட்டஸ்டண்டு அறிஞர் ஒருவரும் சேர, மூவராய்த் தொலைக்காட்சியிலும் உரையாடினர். ஓமர் அப்பூத் அர்ஜென்டின இஸ்லாமிய மையத்தின் பொதுச்செயலராக இருந்தவர். ஒரு கத்தோலிக்க குருவோடும் மற்றொரு ரபியோடும் சேர்ந்து பல்சமய உரையாடல் நிறுவனம் ஒன்றை நிறுவியவர். இஸ்லாத்தில் குருத்துவ அமைப்பு இல்லையாதலின், அவரைக் குருவெனக் கூறுவதினும் சமுதாயத் தலைவர் எனக் கூறுவதே பொருந்தும்.

2013 மார்ச் 13 அன்று பெர்கோலியோ போப்பாகத் தேர்வுபெற்றார். அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் ஸ்கோர்க்கா வத்திக்கானில் அவர் தங்கியிருந்த விடுதியிலேயே விருந்தினராகத் தங்கினார். யூத நெறிக்கு உகந்த உணவு தம் நண்பருக்குக் கிடைக்கின்றதா எனப் போப்பே கவனித்துக்கொண்டார். ரபி எபிரேய மொழியில் உணவை வாழ்த்தும்வரை மேசையில் அனைவரும் காத்திருந்தனர். எருசலேமின் மேற்குச் சுவரின் முன் இருவரும் தழுவிக்கொள்ள வேண்டும் என்ற கனவை அவர்கள் வாய்விட்டுப் பேசியதும் அந்நாள்களில்தான்.

இதனை ஒட்டி மற்றொரு நிகழ்வும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 2014-இன் தொடக்கத்தில் அர்ஜென்டினாவிலிருந்து யூதர் 15 பேர், கத்தோலிக்கர் 15 பேர், இஸ்லாமியர் 15 பேர் என 45 பேர் கொண்ட குழுவொன்று புனித நாட்டுக்கு ஒன்றாகப் பயணம் செய்து, இறுதியில் உரோமையில் போப்பைக் கண்டது. ஆக, போப்பின் பயணம் தனியொருவரின் எண்ணத்தில் உதித்த புதுமையன்று. ஒரு நகரம் பல்லாண்டுகளாகப் பழகிய பழக்கத்தின் தொடர்ச்சியே.

மூன்று நாள், இரு சுவர்

ஆறாம் பவுலும் அத்தனாகோரஸும் சந்தித்த பொன்விழாவை முன்னிட்டே இப்பயணம் அறிவிக்கப்பட்டது. மே 24 அன்று போப் யோர்தானின் அம்மான் நகரை அடைந்தார். விளையாட்டரங்கில் திருப்பலி நிறைவேற்றியபின், இயேசு திருமுழுக்குப் பெற்றதாகக் கருதப்படும் யோர்தான் ஆற்றங்கரையில் சிரியா, ஈராக் நாடுகளிலிருந்து வந்த ஏதிலிகளைச் சந்தித்தார்.

மே 25 அன்று காலையில், இஸ்ரேலின் வழியாகச் செல்லாமல், அம்மானிலிருந்து நேரே பெத்லகேமுக்கு உலங்கூர்தியில் சென்றார். சதுக்கத்தை நோக்கிச் செல்லும் வழியில் திடீரென வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி நடந்து, இஸ்ரேல் எழுப்பியிருந்த பிரிவினைச் சுவரின் அருகே சென்று, கையை வைத்து, நெற்றியைச் சாய்த்துச் சில மணித்துளிகள் மௌனமாக நின்றார். நிகழ்ச்சிநிரலில் அது இல்லை.

அச்சுவர் இருதரப்பார்க்கும் இரு வேறு பொருள் தருவது. 2000-இல் தொடங்கிய இரண்டாம் எழுச்சியின்போது, பேருந்துகளிலும் உணவகங்களிலும் குண்டுகள் வெடித்த காலத்தில், 2002-இல் அதனை எழுப்பத் தொடங்கிய இஸ்ரேலியர்க்கு அது காப்பு. வயலையும் வீட்டையும் பிரித்து, உறவினரைக் காணவும் அனுமதிச்சீட்டு வேண்டும் நிலையில் வைக்கப்பட்ட பாலஸ்தீனர்க்கு அது சிறை. பாலஸ்தீன நிலத்தில் அதனை எழுப்புவது சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது என உலக நீதிமன்றம் 2004 சூலை 9 அன்று கருத்துரைத்தது.

தூதுக்குழுவில் ஒரு ரபியும் ஓர் இஸ்லாமியரும் உடன்வந்த பயணத்தில் அச்சுவரின்முன் நிற்பது எளிய செயலன்று. ஒருவர் நெஞ்சில் அது ஆறுதலாகவும் மற்றவர் நெஞ்சில் குற்றச்சாட்டாகவும் படலாம். போப் அங்கு எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் அது ஒரு மேடை ஆகியிருக்கும். அன்றைய திருப்பலியின் முடிவில், பாலஸ்தீனத் தலைவர் மகமூது அப்பாஸையும் இஸ்ரேல் குடியரசுத் தலைவர் சிமோன் பெரஸையும் வத்திக்கானிலுள்ள தம் இல்லத்துக்கு வந்து தம்மோடு இறைவேண்டல் செய்யுமாறு அழைத்தார். மாலையில் திருக்கல்லறைக் கோவிலில் முதுபெருந்தலைவர் பர்த்தலமேயுவோடு இணைந்து செபித்தார். அர்ஜென்டினாவின் பேராலயத்தில் நன்றி வழிபாடு நடக்கும் மே 25 அன்றே இவை அனைத்தும் நிகழ்ந்தன என்பது எண்ணி மகிழத்தக்கது.

மே 26 அன்று காலையில் போப் பாறைக் குவிமாட வளாகத்துக்குச் சென்று எருசலேமின் முப்தியைச் சந்தித்தார். எழுதிவைத்த உரையில் நண்பர்களே என்று இருந்த விளியைச் சகோதரர்களே என்று மாற்றிப் பேசினார். ஆபிரகாமை வழிப்போக்கராக நினைவூட்டி, இறைவன் பெயரால் வன்முறை செய்தல் ஆகாது என்று கேட்டுக்கொண்டார். பின்னர் மேற்குச் சுவரை அடைந்தார். அங்குக் கல்லிடுக்கில் அவர் செருகிய தாளில், இயேசு தம் சீடர்க்குக் கற்பித்த செபத்தைத் தம் தாய்மொழியாகிய ஸ்பானிய மொழியில் தம் கையாலேயே எழுதியிருந்தார்.

அதன்பின்தான் அக்கனவு மெய்ப்பட்டது. சுவரின்முன் நின்ற போப், ஸ்கோர்க்காவையும் அப்பூதையும் ஒருசேரத் தழுவிக்கொண்டார். எண்ணியதை எய்திவிட்டோம் என்னும் பொருள்பட ரபி கூறினார். முதல் நாள் நெற்றி பதித்தது மக்களைப் பிரிக்கும் சுவர். மறுநாள் தழுவிக்கொண்டது மக்கள் அழுது வேண்டும் சுவரின்முன். இரண்டு சுவர்களும் அருகருகே உள்ள ஊர்களில்தான் இருக்கின்றன.

அன்றே இஸ்ரேல் அரசின் வேண்டுகோளுக்கிணங்க, பயங்கரவாதத்தால் மாண்டோர் நினைவுச்சின்னத்தின் முன்னும் போப் நின்றார். ஹெர்ஸலின் கல்லறையில் மலர்வளையம் வைத்தார். 1904-இல் வத்திக்கானில் மறுக்கப்பட்டவரின் கல்லறைக்கு 110 ஆண்டுகள் கழித்து மலர் வந்து சேர்ந்தது. யாத் வசெம் நினைவகத்தில், நாசிகளின் பேரழிவில் தப்பிப் பிழைத்த முதியோர் அறுவரின் கைகளை முத்தமிட்டார். முத்தமிடப்பெற வேண்டிய கை குருவினுடையது என்பது பழைய வழக்கு. அன்று அவ்வழக்கு மாறியது.

ஒலிவக் கன்றும் போரும்

போப்பின் அழைப்பு வீண்போகவில்லை. 2014 சூன் 8 அன்று மாலையில் வத்திக்கான் தோட்டத்தில் பெரஸும் அப்பாஸும் பர்த்தலமேயுவும் கூடினர். யூதர், கிறித்தவர், இஸ்லாமியர் என்ற வரிசையில் மூன்று சமயத்தாரும் தத்தம் முறைப்படி வேண்டினர். படைப்புக்காக நன்றி கூறுதல், பிழைகளுக்காக மன்னிப்பு வேண்டல், அமைதியை இரத்தல் என ஒவ்வொருவர் வேண்டலும் மூன்று பகுதிகளாக அமைந்தது. ஒருவர் செபத்தை மற்றவர் சொல்லவில்லை. ஒருவர் செபிக்க மற்றவர் உடனிருந்தனர். இறுதியில் ஓர் ஒலிவ மரம் நடப்பெற்றது.

நான்கு நாள்களில், சூன் 12 அன்று, இஸ்ரேலிய இளைஞர் மூவர் கடத்தப்பட்டனர். அவர்களின் உடல்கள் சூன் 30 அன்று கிடைத்தன. சூலை 2 அன்று எருசலேமில் பாலஸ்தீனச் சிறுவன் ஒருவன் பழிக்குப் பழியாக எரித்துக் கொல்லப்பட்டான். சூலை 8 முதல் ஆகஸ்டு 26 வரை நடந்த காசாப் போரில் 2,000-க்கும் மேற்பட்ட பாலஸ்தீனரும் 70-க்கும் மேற்பட்ட இஸ்ரேலியரும் மாண்டனர்.

வரலாறு அத்துடனும் நிற்கவில்லை. பெரஸ் 2016-இல் மறைந்தார். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கி ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்று, ஏறத்தாழ 250 பேரைப் பிணையாளராகக் கொண்டுசென்றது. அதன்பின் காசாவில் பல்லாயிரவர் மாண்டனர். போரைக் கண்டித்துப் போப் பேசிய சொற்கள் யூதர் பலருக்கு வருத்தம் தந்தன. 2023 நவம்பரில் ஏறத்தாழ 400 ரபிகளும் அறிஞர்களும் அவருக்குத் திறந்த மடல் எழுதினர். 2024 பிப்ரவரி 2 அன்று இஸ்ரேலிலுள்ள யூத உடன்பிறப்புகளுக்கு எனக் குறித்து அவர் மறுமடல் எழுதினார். காசாவின் திருக்குடும்ப ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தோரோடு தொலைபேசியில் இரவுதோறும் பேசி நலம் வினவுவதை, 2025 ஏப்ரல் 21 அன்று மறையும் நாளுக்குச் சற்று முன்வரை அவர் விடவில்லை.

ஒரு தழுவல் போரைத் தடுத்ததா எனில், தடுக்கவில்லை. இதனை மறைத்துப் பயணத்தைப் புகழ்தல் மாண்டோர்க்குச் செய்யும் தீங்காகும். சமய குருமார் சேர்ந்து நடந்தால் படைகள் பின்வாங்கும் என்று எதிர்பார்த்தலும் அறியாமையே. நிலம், நீர், எல்லை, குடியேற்றம், பாதுகாப்பு, ஏதிலிகளின் மீட்சி என்னும் சிக்கல்கள் அரசியலால் தீர்க்கப்பட வேண்டியவை. அவற்றை அன்பு என்னும் ஒரு சொல்லால் மூடிவிட இயலாது.

ஆயினும் வழித்துணையின் பயனை வேறிடத்தில் காணவேண்டும். 2000-இலும் 2009-இலும் மேடையில் அமர்ந்தோர் ஒரு கடுஞ்சொல்லால் பிரிந்தனர். 2014-இல் உடன்சென்றோர் இரு சுவர்களைக் கண்டும் பிரியவில்லை. 2023-இல் எழுந்த கசப்பின்போதும் மடலுக்கு மறுமடல் எழுதப்பட்டது. கருத்து வேறுபட்ட பின்னும் ஒருவர்க்கொருவர் எழுதிக்கொள்ள முடிந்த அந்நிலை, மேடைப் பேச்சால் வாய்க்காதது. ஒருவர் எதை உண்பார், எப்போது தொழுவார், எந்த அணி தோற்றால் வருந்துவார் என்பதை அறிந்திருத்தல் சிறு செய்திகளாகத் தோன்றும். ஒரு சமயத்தைச் சாடுதல் எளிது; உணவுக்கு முன் தனக்காகக் காத்திருந்த ஒரு முகத்தைச் சாடுதல் அவ்வளவு எளிதன்று.

நிறைவுரை

கவுந்தியடிகள் கோவலனைக் காத்தாரா எனில், இல்லை. காட்டு வழியின் இடர்களிலிருந்து காத்தவரால் மதுரை வீதியில் நேர்ந்ததைத் தடுக்க இயலவில்லை. செய்தி அறிந்த அவர் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார் என்று காப்பியம் கூறுகின்றது. ஆயினும் அவர் வந்தது வீண் என்று சிலம்பைக் கற்ற எவரும் கூறார். வழியின் துயரை அவர் பகிர்ந்துகொண்டார். முடிவின் துயரையும் தமதாக ஏற்றார்.

புனித நாட்டில் நடந்த மூவரையும் இவ்வாறே மதிப்பிடுதல் தகும். எவரும் தம் நெறியை விடவில்லை. பிறரைத் தம் நெறிக்கு அழைக்கவும் இல்லை. ஈசாக்கும் இஸ்மயேலும் ஒன்றாய் நின்றது தந்தை இறந்த பின்னர். அவர் வழியினர் மூவர் ஒன்றாய் நின்றது, வழக்கு இன்னும் தீராத காலத்தில். இறந்தோர்க்காகக் கூடுவதினும் இருப்போர்க்காகக் கூடுவது அரிது.

சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் கருதவேண்டிய செய்தியும் இதில் உண்டு. பெத்லகேமின் சுவரின்முன் போப் பேசாமல் நின்றார். 2000-இல் பாங்கு ஒலித்தபோது திருப்பலி காத்திருந்தது. வத்திக்கான் தோட்டத்தில் ஒருவர் வேண்ட மற்றவர் கேட்டிருந்தனர். நெஞ்சில் நிற்கும் நிகழ்ச்சிகள் பலவும் ஒருவர் பேச மற்றவர் அமைதி காத்த வேளையில் நிகழ்ந்தவை. அங்கே போர்களும் உடன்படிக்கைகளும் மாறி மாறி வருகின்றன. திருக்கல்லறைக் கோவிலின் கதவை மட்டும் ஓர் இஸ்லாமியர் விடியற்காலையில் வந்து கிறித்தவர்க்காகத் திறந்துகொண்டிருக்கின்றார்.